ரீஃப் சேஃப் ஏஞ்சல் மீன்: அந்தச் சொல் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது

வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர் புதிதாக ஒரு மீனை வாங்கப் போகும்போது தவறாமல் கேட்கும் கேள்வி, “இது ரீஃப் சேஃபா?” என்பது. ஆம் அல்லது இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் வருகிறது. அந்தப் பதிலை மீனின் குணத்துக்குக் கொடுத்த நற்சான்றாக எடுத்துக்கொள்வதால்தான், ‘சேஃப்’ என்று நம்பி வாங்கிய குள்ள ஏஞ்சல் (சிறிய வகைக் கடல் ஏஞ்சல் மீன்) சில மாதம் கழித்துப் பவளத்தைக் கொத்தத் தொடங்கும்போது ஒருவர் திகைத்துப்போகிறார். பவளத்தை உண்மையிலேயே தொடாத ஏஞ்சலை வாங்கிய இன்னொருவரோ, தன் தொட்டியில் பாசி மண்டிப் பவளம் நிறம் மங்கும்போது, அதற்கும் மீனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே நினைப்பதில்லை.

ரீஃப் சேஃப் என்பது வியாபாரத்தில் பிறந்த சொல். பவளம், சிப்பி, குழாய்ப்புழு போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைத் தின்னாத, கொத்திச் சிதைக்காத மீன் என்பது அதன் பொருள். விலங்கியலில் இப்படி ஒரு வகைப்பாடு இல்லை. எந்த அமைப்பும் இதற்குச் சான்றிதழ் தருவதும் இல்லை. இந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான காரணம், அந்த மீன் இயற்கையில் எதைத் தின்கிறது, அதை எங்கிருந்து எடுக்கிறது என்ற இரண்டு செய்திகள்தான். ஏஞ்சல் மீன்களை வைத்து இதை விளக்குவது எளிது. ஏனென்றால் ஒரே குடும்பத்துக்குள் பவளத் தொட்டியில் விடவே கூடாதவையும் தயங்காமல் விடத்தக்கவையும் சேர்ந்தே இருக்கின்றன.

முதலில், எந்த ஏஞ்சல்?

சென்னை கொளத்தூர்க் கடைகளில் வரிசை வரிசையாக வைத்து விற்கப்படும், மேலும் கீழும் துடுப்பு நீண்ட தட்டையான ஏஞ்சல் மீன் இங்கே பேசப்படுவது அன்று. அது தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த நன்னீர் மீன். கடல் ஏஞ்சலோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை. கடல் ஏஞ்சல்கள் பொமகாந்திடே என்ற தனிக் குடும்பம். ஏறக்குறைய 90 இனங்கள் உள்ள இந்தக் குடும்பத்தை அடையாளம் காண ஒரு குறி போதும்: செவுள் மூடியின் முன்பகுதியில், கன்னத்துக்குக் கீழே, பின்னோக்கி நீளும் ஒரு முள். தோற்றத்தில் ஒத்திருக்கும் வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு இந்த முள் கிடையாது. கைவலையால் ஏஞ்சலைப் பிடித்தால் இந்த முள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும், எடுக்க முயலும்போது மீனும் காயப்படும். அதனால் அனுபவமுள்ளவர்கள் வலையைத் தவிர்த்துவிட்டு, தண்ணீரோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுப்பார்கள்.

கொத்தினால் பவளத்துக்கு என்ன ஆகிறது?

பவளம் என்பது கல்லைப்போலத் தோன்றும் ஒரு விலங்குக் கூட்டம். ஒவ்வொரு சிறு விலங்குக்கும் பாலிப் என்று பெயர். நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றி உணர்கொம்புகள், அவ்வளவுதான் அதன் உடல். பாறை கட்டும் பவளங்களில் இந்தப் பாலிப்பின் மெல்லிய சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. விளக்கொளியைக் கொண்டு அவை தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குக் கிடைக்கிறது.

ஒரு மீன் வந்து பாலிப்பைக் கொத்தினால் அது உடனே சுருங்கித் தன் கிண்ணத்துக்குள் போய்விடும். ஒரு கொத்தால் பவளம் சாவதில்லை. ஆனால் நாள் முழுவதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை கொத்து விழுந்தால் பாலிப் விரியவே துணியாது. விரியாத பாலிப்பின் பாசிகளுக்குப் போதிய ஒளி கிடைக்காது. உணர்கொம்புகளால் இரை பிடிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் பாசியோ பாக்டீரியாவோ பற்றிக்கொள்ளும். தொட்டி வைத்திருப்பவரின் கண்ணுக்குத் தெரிவது, பவளம் ‘முன்னைப்போல விரியவில்லை’ என்பது மட்டுமே. மீன் கொத்துவதை நேரில் பார்க்காதவரை, விளக்கையும் உப்பையும் குற்றம் சொல்லிக்கொண்டு வாரங்கள் கழியும்.

ஆடும் தகைவிலானும்

ஒரு தோட்டத்துக்குள் ஆடு நுழைந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது எல்லாச் செடியையும் வேரோடு பிடுங்குவதில்லை. இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று மேய்ந்துகொண்டே போகும். ஆட்டுக்கு ரோஜாவின்மேல் தனிப்பகை ஒன்றும் இல்லை. அதன் வாயும் பழக்கமும் மேய்வதற்கு ஏற்றவை, தோட்டத்தில் மேய இருப்பது ரோஜா, அவ்வளவே. அதே தோட்டத்துக்கு மேலே மாலையில் தகைவிலான் குருவிகள் பறக்கின்றன. பிளவுபட்ட வாலோடு காற்றைக் கிழித்துக்கொண்டு, பறக்கும் பூச்சிகளைப் பறந்தபடியே பிடிக்கின்றன. ரோஜாவை விட்டுவைக்க வேண்டும் என்று அவை முடிவு செய்யவில்லை. அவற்றின் பந்தி காற்றில் விரிந்திருக்கிறது, தரையில் அவற்றுக்கு வேலை இல்லை.

பெரும்பாலான ஏஞ்சல் மீன்கள் பவளப்பாறையில் மேய்பவை. அவற்றின் தாடையில் நுண்ணிய, தூரிகை மயிர்போன்ற பற்கள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. பாறையின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதைச் சுரண்டவும் கிள்ளவும் அவை பயன்படுகின்றன. ஒரே ஒரு பேரினம் மட்டும் பாறையை விட்டு விலகி, அதற்கு மேலுள்ள திறந்த நீரில் மிதந்து வரும் நுண்ணிய விலங்குகளைப் பிடித்துத் தின்னத் தலைப்பட்டது. நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்படும் இத்தகைய உயிர்களுக்கு மிதவையுயிரிகள் என்று பெயர். இந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அந்த மீன்களின் வாய் சிறுத்தது, பற்கள் குறுகின, நீரோட்டத்தை எதிர்த்து நிற்க வசதியாக வால் பிளவுபட்டு இரு முனைகளாக நீண்டது. இந்தப் பேரினத்தின் பெயர் ஜெனிகாந்தஸ். பவளத் தொட்டிக்கு ஏற்ற ஏஞ்சல் என்று ஓரளவு துணிந்து சொல்லத்தக்கது இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒரு மீன் ரீஃப் சேஃபாக இருப்பதற்குக் காரணம், அதன் உணவு பவளப்பாறையின் மேல் இல்லாமல் தண்ணீரில் இருப்பது. மேய்கிற மீன் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் மேய்ச்சலை விடாது.

மேய்பவற்றுள் இரண்டு வகை

மேய்பவை எல்லாம் ஒரே அளவில் மேய்வதில்லை. பெரிய ஏஞ்சல்களின் முதன்மை உணவு, பாறையில் வளரும் கடற்பஞ்சுகளும் அவற்றைப் போன்ற மென்மையான ஒட்டுயிர்களும். பேரரசர் ஏஞ்சல் என்று விற்கப்படும் மீன் இந்த வகை. கருநீல உடலில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும் விரலளவு குஞ்சைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள், அது வளர்ந்தபின் மஞ்சள் வரிகளோடு 40 செ.மீ. வரை போகும் என்பதையும், அந்த உருவத்துக்கு ஏற்ற பசியோடு இருக்கும் என்பதையும் யோசிப்பதில்லை. வீட்டுத் தொட்டியில் கடற்பஞ்சு சில நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மென்மையாகவும் சதைப்பற்றாகவும் இருப்பது பவளமும் சிப்பியின் மடலும்தான்.

குள்ள ஏஞ்சல்கள் என்று அழைக்கப்படும் சென்ட்ரோபைஜ் பேரினத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள் அடங்குபவை. செந்தழல் நிறத்தில் இருக்கும் ஃபிளேம் ஏஞ்சல் இவற்றுள் மிகவும் விரும்பப்படுவது. இவை பாறைமேல் படியும் பாசிப் படலத்தையும் மக்கிய துகளையும் பொறுக்கித் தின்பவை. பவளம் தன்மேல் சளிபோன்ற ஒரு படலத்தைச் சுரக்கிறது. அதில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தத் துகளைப் பொறுக்கப் போகும் மீன் சதையையும் ருசி பார்த்துவிடுகிறது. ஒரே இனத்தில் ஒரு மீன் ஆண்டுக்கணக்கில் பவளத்தைத் தொடாமல் இருக்கும், அதன் உடன்பிறப்பு முதல் வாரத்திலேயே கொத்தும். விற்பனைப் பட்டியல்களில் இவற்றுக்குப் பக்கத்தில் ‘எச்சரிக்கையோடு’ என்று எழுதுகிறார்கள். பவளங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்ட மீனைப் பிடிக்கப் பாறை முழுவதையும் கலைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால் அந்த எச்சரிக்கை முழுமையாகும்.

ஜெனிகாந்தஸ்: நெருங்கிப் பார்த்தால்

இந்தப் பேரினத்தில் 10 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் வியாபாரத்தில் எளிதாகக் கிடைப்பது லாமார்க் ஏஞ்சல். வெள்ளி நிற உடலில் தலை தொட்டு வால் வரை கறுப்புப் பட்டைகள் நீளமாக ஓடும், 20 செ.மீ.-ஐத் தாண்டி வளரும். பிரெஞ்சு விலங்கியலாளர் லாசெபேட் 1802-இல் இதை விவரித்தபோது தம் சமகாலத்தவரான லாமார்க்கின் பெயரை இட்டார். முதுகெலும்பற்ற உயிர்கள் என்ற வகைப்பாட்டை நிலைநிறுத்தியவர் அந்த லாமார்க். அவர் பெயரைத் தாங்கிய மீன் அந்த உயிர்களை விட்டுவைப்பது தற்செயலான ஓர் அழகு. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, மாலத்தீவு ஆகிய பகுதிகளில் வாழும் வரிக்குதிரை ஏஞ்சல், மேற்குப் பசிபிக்கின் கரும்புள்ளி ஏஞ்சல், பெரும்பாலும் 50 மீட்டருக்கும் கீழே வாழும் பெல்லஸ் ஏஞ்சல் ஆகியவையும் அவ்வப்போது விற்பனைக்கு வருகின்றன.

இவை சாப்பிடுவதைக் கவனித்தால் மேய்ச்சல் மீனுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு நிமிடத்தில் புரியும். மீனுணவாக உறையவைத்து விற்கப்படும் மைசிஸ் என்ற சிற்றிறாலை உருக்கித் தண்ணீர் ஓட்டத்தில் விட்டதும் மீன் தொட்டியின் நடுவுயரத்துக்கு வந்து, ஓட்டத்துக்கு எதிராக முகம் திருப்பி, ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். கண் மட்டும் சுழன்று ஓர் இறாலைத் தேர்ந்தெடுக்கும். பிறகு ஒரு சிறு பாய்ச்சல், வாய் முன்னால் நீண்டு அந்த ஒன்றை மட்டும் கவ்வும். மீண்டும் பழைய இடம். கீழே விழுந்துவிட்ட இறாலைத் தேடி அது பெரும்பாலும் போவதில்லை. குள்ள ஏஞ்சல் இதே நேரத்தில் பாறை இடுக்கில் தலைகீழாக நின்று எதையோ சுரண்டிக்கொண்டிருக்கும்.

ஆண், பெண் வேறுபாடு இந்த மீன்களில் ஒரு விநோதம். மற்ற ஏஞ்சல்கள் பெரும்பாலானவற்றில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கடினம். இங்கே வேறு வேறு இனமோ என்று ஐயுறும் அளவுக்கு நிறம் மாறுபடுகிறது. கரும்புள்ளி ஏஞ்சலின் ஆணுக்கு வெளிர் உடலில் குறுக்குக் கோடுகள்; பெண்ணுக்கு மேற்புறம் மஞ்சள், கீழ்ப்புறம் வெளிர்நீலம், கோடே இல்லை. லாமார்க்கில் மட்டும் வேறுபாடு சிறிது: ஆணின் வயிற்றுத் துடுப்பு கறுப்பு, பெண்ணுடையது வெள்ளை. எல்லாக் குஞ்சுகளும் பெண்ணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் ஆண் இல்லாதபோது மிகப் பெரிய பெண் சில வாரங்களில் நிறமும் பாலும் மாறி ஆணாகிறது. ஓர் ஆண், பல பெண் என்பதே இவற்றின் குடும்பம். அதனால் ஒரு ஜோடியோ, ஓர் ஆணும் இரண்டு பெண்களுமோ வாங்குவது முறை. அளவில் வேறுபட்ட இரண்டு பெண்களை வாங்கினாலும், பெரியது ஆணாக மாறி ஜோடி அமையக்கூடும். வீட்டுத் தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால், தோற்றது ஓடி ஒளிய இடமின்றி நைந்து சாகும்.

சேஃபான மீன் வேறு வழியில் வரும்போது

இந்தப் பகுதியைத்தான் பொதுவாக யாரும் சொல்வதில்லை. திறந்த நீரில் இரை பிடிக்கும் மீனுக்கு நீரோட்டம் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உணவைக் கொண்டுவந்து தருகிறது. அதன் குடலும் அதற்குப் பழகியது. ஒரு நாளைக்கு ஒருமுறை வயிறு முட்டப் போட்டுவிட்டு மறுநாள் வரை காயவிட்டால், அது மெல்ல மெல்ல இளைத்து, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றி, மாதங்கள் கழித்துச் சாகும். ஆகவே நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக உணவிட வேண்டும். மைசிஸ் இறால், ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால், மீன்முட்டை, நுண்ணிய உருண்டைத் தீவனம் (பெல்லட்) ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

இப்படி உள்ளே போகும் உணவு எங்கேயோ மறைந்துவிடுவதில்லை. அதில் உள்ள புரதத்தின் ஒரு பகுதி மீனின் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. தின்னாமல் விழுந்த துகளும் மீனின் கழிவும் அழுகும்போது மேலும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. பாறையிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தத் தொடருக்கு நைட்ரஜன் சுழற்சி என்று பெயர். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அமோனியாவும் நைட்ரைட்டும் அளவில் தென்படும். இரண்டும் சுழியத்துக்கு வராமல் எந்த மீனையும் விடக் கூடாது. ஜெனிகாந்தஸைப் பொறுத்தவரை இன்னும் சில மாதங்கள் பொறுப்பது நல்லது.

சுழற்சியின் கடைசியில் நிற்கும் நைட்ரேட் மீனை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகிறது. உணவிலிருந்து வரும் பாஸ்பேட்டும் அப்படியே. கடலில் இவை கரைந்து அகன்றுவிடும், 500 லிட்டர் தொட்டியில் போக இடம் இல்லை. இரண்டும் பாசிக்கு உரம். கண்ணாடியிலும் பாறையிலும் முடிப்பாசி வளர்ந்து பவளத்தின் ஓரத்தை மூடத் தொடங்கும். பவளத்தின் சதைக்குள் இருக்கும் நுண்பாசிகளும் அளவுக்கு மீறிப் பெருகுவதால் அதன் நிறம் மங்கிப் பழுப்பாகும். பாஸ்பேட் மிகும்போது கடினப் பவளம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டும் வேகமும் தளர்கிறது. கொத்தாத மீன், தன் உணவின் வழியாகப் பவளத்தைத் தொட்டுவிடுகிறது. முதல் பத்தியில் சொன்ன இரண்டாமவரின் தொட்டியில் நடந்திருக்கக்கூடியது இதுதான்.

இதற்கு உணவைக் குறைப்பது தீர்வாகாது. பசியில் வாடும் சில ஜெனிகாந்தஸ்கள் சதைப்பற்றான பவளங்களைக் கொத்திப் பார்ப்பதும் உண்டு. ஆக, பட்டினி போட்டால் மீனும் போகும், பவளமும் போகும். உள்ளே வருவதைக் குறைக்க முடியாதபோது வெளியேற்றுவதைக் கூட்டத்தான் வேண்டும். அதற்கான முதன்மைக் கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். உயரமான ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக்குமிழிகளைச் செலுத்துகிறது இது; நீரில் கரைந்துள்ள கரிமக் கழிவுகள் குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, உச்சியில் உள்ள கோப்பையில் வழிந்து சேர்கின்றன. உப்புநீரில் குமிழிகள் நுண்ணியனவாகவும் கலையாமலும் இருப்பதால்தான் இந்த முறை வேலை செய்கிறது. நன்னீர்த் தொட்டியில் அவ்வளவு பயன் இல்லை. நன்றாக உணவிடப்படும் தொட்டியின் கோப்பையில் சில நாளிலேயே கரும்பழுப்பான, மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் நீர் நிறைந்துவிடும். அழுகி அமோனியாவாகும் முன்பே தடுத்து எடுக்கப்பட்ட கழிவு அது. ஆகவே அந்த நாற்றம் நல்ல செய்தி. இதோடு, உறைந்த உணவை உருக்கியபின் அந்தச் சாற்றை வடித்துவிட்டு இறாலை மட்டும் போடுவது, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவது, தொட்டி நீர் ஓடும் ஒரு தனிப் பிரிவில் கடற்பாசி வளர்த்து அவ்வப்போது அறுத்தெறிவது ஆகியவையும் சேர்ந்தால் கணக்கு நேராகும்.

சுருங்கச் சொன்னால், ரீஃப் சேஃப் என்ற சொல் மீனின் வாய்க்கு மட்டும் உறுதி சொல்கிறது. அந்த வாய்க்குப் போடும் உணவு பவளத்தை என்ன செய்யும் என்பது தொட்டியின் வடிகட்டும் திறனைப் பொறுத்தது.

ஆழத்திலிருந்து வந்த மீன்

ஏஞ்சல் மீன்கள் திறந்த நீரில் மிதக்கும் முட்டைகளை இடுபவை. பொரிக்கும் குஞ்சுகள் மிகச் சிறியவை. ஆதலால் இவற்றைப் பண்ணையில் வளர்த்தெடுப்பது கடினம். கடைக்கு வருபவற்றுள் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவையே. ஜெனிகாந்தஸ்கள் பாறைச் சரிவின் விளிம்பில், பெரும்பாலும் 20 மீட்டருக்குக் கீழே வாழ்கின்றன. இந்த ஆழம்தான் இவற்றின் தனிப்பட்ட சிக்கல்.

மீனின் உடலுக்குள் காற்று நிரம்பிய ஒரு பை இருக்கிறது. நீந்தாமலே ஒரு மட்டத்தில் நிற்க உதவும் இதற்கு நீச்சல்பை என்று பெயர். ஏஞ்சல்களின் நீச்சல்பைக்கு வெளியே திறக்கும் குழாய் கிடையாது. உள்ளிருக்கும் காற்று இரத்தத்தில் கரைந்துதான் மெல்லக் குறைய முடியும். கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப்போல நான்கு மடங்கு அழுத்தம். அங்கே பிடித்த மீனை விரைவாக மேலே கொண்டுவந்தால் பைக்குள் இருக்கும் காற்று நான்கு மடங்காக விரியப் பார்க்கும். பை உப்பிப் பக்கத்து உறுப்புகளை நசுக்கும், சில வேளை கிழிந்தும் போகும். பொறுப்பான முக்குளிப்பவர்கள் இடையிடையே நிறுத்தி மெதுவாக மேலேற்றுவார்கள், அல்லது நுண்ணிய ஊசியால் காற்றை வெளியேற்றுவார்கள். அவசரத்தில் செய்யப்படும் ஊசிமுறை, காயத்தையும் தொற்றையும் உண்டாக்கும்.

இந்தச் சேதம் கடையிலேயே தெரியும். நலமான ஜெனிகாந்தஸ் ஓய்ந்து நிற்கும்போது உடல் கிடைமட்டமாக இருக்கும். நீச்சல்பை கெட்ட மீன் தலை கீழாகவும் வால் மேலாகவும் சாய்ந்து, மேலே போய்விடாமல் இருக்க ஓயாமல் துடுப்படித்துக்கொண்டிருக்கும். களைத்து நிறுத்தினால் தக்கையாக மேலெழும். அது உற்சாகமாக நீந்துவதாகக் கடைக்காரர் சொல்லக்கூடும். இரண்டு நிமிடம் பொறுத்து, அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

தொட்டி

எப்போதும் நீந்தும் மீன் ஆதலால் நீளம் முக்கியம். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 560 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக மீதியில் ஒரு ஜோடிக்கு இடம் உண்டு. பாறையைச் சுவரோடு சுவராக அடுக்கி நிரப்பாமல் நடுவில் திறந்த நீர் விட வேண்டும். திடுக்கிட்டால் துள்ளும் இயல்பு இருப்பதால் வலைமூடி தேவை. இரவில் விளக்கைத் திடீரென முழு வெளிச்சத்தில் போடாமல், மங்கலில் தொடங்கிக் கூட்டுவது ஆழத்து மீனுக்கு இதமாக இருக்கும்.

நீரின் உப்பு அளவு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம், அதாவது ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025, பிஎச் 8.1 முதல் 8.4, வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பைக் கரைக்கக் கூடாது. ஆர்ஓ நீரில் கடலுப்புக் கலவையைக் கரைப்பதே சரி. சென்னை, மதுரை போன்ற ஊர்களின் கோடையில் தொட்டி நீர் தானாகவே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெப்பம் நீடித்தால் பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளுக்கும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்திருக்கிறது. வெந்நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இங்கே பவளத் தொட்டி என்பது பகற்கனவு. மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும்.

புதிய மீனை நேரே பவளத் தொட்டியில் விடுவது சூதாட்டம். கடல் மீன்களைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் பரவலாகப் பயன்படும் மருந்து செம்பு. செம்பு பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும். பவளத் தொட்டிக்குள் நோய் வந்தபின் மருந்து போட வழியில்லாமல் போவதால், பாறையோ பவளமோ இல்லாத தனித்தொட்டியில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக் கவனித்துவிட்டு மாற்ற வேண்டும்.

இந்தியாவில் பவளம் வைத்திருக்கலாமா?

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் வாசகர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கடினப் பவளங்கள், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. இவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். செத்த பவளக்கூடும் இதில் அடங்கும். கடலிலிருந்து நேரே பெயர்த்துவந்து ‘லைவ் ராக்’ என்று விற்கப்படும் பாறையில் பெரும்பாலும் பவளக்கூடு கலந்திருப்பதால் அதையும் தவிர்த்து, செயற்கையாக வார்த்த பாறையையோ பீங்கான் பாறையையோ வாங்குவதே பாதுகாப்பானது. பாக்டீரியா குடியேற அதுவே போதும்.

எனவே தமிழ்நாட்டில் சட்டப்படி வைக்கப்படும் உப்புநீர்த் தொட்டிகளில் பெரும்பாலானவை மீனும் பாறையும் மட்டும் உள்ளவை. அத்தகைய தொட்டிக்கு ரீஃப் சேஃப் என்ற சலுகைக்காக மட்டும் ஒரு மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஜெனிகாந்தஸுக்கு அங்கேயும் இடம் உண்டு. பெரிய ஏஞ்சலைப்போல 40 செ.மீ. வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொள்வதில்லை, குள்ள ஏஞ்சலைப்போல இடுக்கில் பதுங்குவதில்லை, பகல் முழுவதும் கண்ணெதிரே திறந்த நீரில் உலவுகிறது. பெரிய ஏஞ்சலோடு சேர்த்து மட்டும் விடக் கூடாது. சாதுவான இது உணவுநேரத்தில் ஒதுக்கப்பட்டுவிடும்.

வாங்கும் நாளில்

கடைக்கு வந்து ஒரு வாரமாவது ஆன மீனைக் கேளுங்கள். நெற்றிக்குப் பின்னால் முதுகு தடித்திருக்கிறதா, வயிறு ஒட்டாமல் இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அது நீந்தாமல் நிற்கும்போது உடல் சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு, நன்றாகச் சாப்பிடுகிறது என்ற வாய்வார்த்தையோடு நின்றுவிடாமல் உங்கள் முன்னால் உணவு போடச் சொல்லுங்கள். நடுநீரில் வரும் இறாலை நோக்கி வந்து கவ்வினால் வாங்கலாம். வாயில் வாங்கித் துப்பினாலோ, மூலையிலேயே நின்றாலோ, முன்பணம் கொடுத்துவிட்டு இன்னும் ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல கடைக்காரர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.